நீல மப்ளர் பார்சலில் இல்லை

ஹாஜிரா,

இந்தக் காலத்து ஜனங்கள் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் போட்டோ எடுக்கிறார்கள். எடுத்ததும் அந்தப் பொருளோடு அவர்களுக்கு வேலை முடிந்தது. உன் தம்பி ஆரிப்பும் அப்படித்தான். போன தடவை பாரிசிலிருந்து வந்தபோது, நீ பின்னிய பச்சை மப்ளரைச் சுற்றிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். அவனை மெட்ராசில் விட்டு வந்த டிரைவர் கழுத்தில் அதே மப்ளரைப் பார்த்தேன். உல்லன் நூல் பத்தாமல் ஓரத்தில் வேறு பச்சை சேர்த்தாயே, அதுதான். உன்னிடம் சொன்னால், "பாவம், அந்தாளுக்குக் குளிரா இருந்திருக்கும், குடுத்திருப்பான்" என்கிறாய். சித்திரை மாசத்தில் என்ன குளிர்?

டயாலிசிஸுக்குப் போகிற நாளெல்லாம் அந்த ஏசி ரூமில் என் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறாய். வீட்டுக்கு வந்ததும் அவனுக்கே மறுபடியும் பின்ன உட்கார்ந்துவிடுகிறாய். நீ தூங்கும்போது, அவனுக்கு அனுப்பக் கட்டி வைத்த பார்சலைப் பிரித்து நீல மப்ளரை உன் ஆஸ்பத்திரிப் பையில் வைத்துவிட்டேன்.

பாரிசுக்குப் போகும் ஷஃபீக் சாயங்காலம் பார்சலை வாங்க வருவான். உள்ளே முறுக்கு இருக்கிறது. அதையாவது தின்பார்கள்.

கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். உப்பு போடவில்லை, நீயும் போடாதே.

இன்னொன்று. நீ எழுந்ததும் மப்ளரை எடுத்துத் திரும்பப் பார்சலில்தான் வைப்பாய். "இந்தத் தடவ போட்டுக்குவான், பாருங்க" என்று ஷஃபீக்கை வைத்துக்கொண்டே சொல்லுவாய். எனக்கு நம்பிக்கை இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் என்னால் முடியாது. பீச் பக்கம் போகிறேன், அவன் கிளம்பின பிறகு வருவேன்.