பில்லின் கடைசி வரி

பிப்ரவரி 3, செவ்வாய்

மதியம் பதினாலு பேர் ஒரே மேஜைக்கு வந்தார்கள். ஏதோ அலுவலகத்துப் பிரிவு உபசாரம். ஒருவருக்கு வெங்காயம் ஆகாது. ஒருவர் மீன் கேட்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் கோழிக்கு மாறினார். ஓய்வு பெறுகிற பெரியவருக்கு சூப் ஆறித்தான் வர வேண்டும். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பதினாலு தட்டும் அவரவர் முன்னால் சரியாகப் போய் இறங்கின. எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று பெரியவர் கேட்டார். சிரித்து வைத்தேன். எனக்குப் பெயர்தான் மறக்கும். ஒரு முகத்தைப் பார்த்தால் அது என்ன சாப்பிட்டது என்று மறக்காது.

இந்த உணவகத்தில் மேஜைப் பக்கம் முழுக்க என் பொறுப்பு. கேப்டன் என்று கூப்பிடுவார்கள். கப்பல் இல்லை, இருபது மேஜை இருக்கிறது.

மாலைக் கூட்டம் வருவதற்கு முன் முதலாளி எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். கட்டடத்துக்காரர் வாடகையை ஏற்றிவிட்டாராம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு பில்லிலும் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், கடைசி வரியாக அச்சாகி வரும். யாராவது கேட்டால், பரிமாறுகிறவர்களுக்குப் போகிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

எங்களில் உயரமானவன், நெட்டை, ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "போகுமா சார்?"

"மொதல்ல வரட்டும். பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? என் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற 'பாக்கலாம்'தான் அது.

பிப்ரவரி 4, புதன்

மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இந்த வீட்டுல மூணு வேளையும் நான்தான் பரிமாறுறேன். யாரு எனக்குப் பத்து சதவீதம் குடுத்தீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி, காலை

நேற்று முதல் நாள். ஒரு சூப்பை வாங்கி இரண்டு கிண்ணத்தில் பகிர்ந்து குடித்த இளம் ஜோடியிலிருந்து, குடும்பத்தோடு வந்து மேஜை கொள்ளாமல் வரவழைத்தவர்கள் வரை, எல்லோருடைய விரலும் அந்தக் கடைசி வரியில்தான் போய் நின்றது. சிலர் பேசாமல் கட்டினார்கள். சிலர் எங்களைப் பார்த்த பார்வை, நாங்கள் அவர்கள் பையில் கையை விட்டது மாதிரி இருந்தது.

ஒருவர் என்னையே கேட்டார். முதலாளியைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். அவர் நெட்டையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் இவங்களுக்குத்தான் சார்" என்றார். நெட்டை தண்ணீர் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்னொன்று. மேஜையில் டிப்ஸ் வைத்துவிட்டுப் போகிறார்களே, அது நின்றுவிட்டது. அதான் பில்லிலேயே எடுத்துக்கிட்டீங்களே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் என்ன தப்பு?

பிப்ரவரி 9, திங்கள்

திங்கட்கிழமைதான் டிப்ஸ் பெட்டியைத் திறப்போம். மேஜைக்காரர்கள், சமையலறை, பாத்திரம் கழுவும் இடம் எல்லோருக்கும் சம பங்கு. இந்தச் சம பங்கு நான் சண்டை போட்டுக் கொண்டுவந்தது. அதில் எனக்கு இன்னும் கர்வம் உண்டு.

பெட்டி நிறைவது வெள்ளி, சனி, ஞாயிறில்தான். இன்று பெட்டியில் சில்லறைதான்.

கழுவும் தொட்டியடியிலேயே நாள் முழுக்க நிற்பதால் அந்த அக்காவை எல்லோரும் தொட்டியக்கா என்போம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் பங்கை வாங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"போன வாரம் கூட்டம் இல்லையா கேப்டன்? தட்டு மட்டும் கொறையவே இல்லையே."

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். பின்னால் நிற்கிறவருக்கு முன்னால் நடப்பது எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, சரி என்று தொட்டிக்குத் திரும்பிப் போனார். அந்தச் சரி எனக்கு ஜீரணமாகவில்லை.

பிப்ரவரி 16, திங்கள், காலை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கணக்கு வாத்தியார் வந்தார், மனைவியோடு. ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் வருவார்கள், ஜன்னல் மேஜை. வருமானத்துக்குள் வெளியே சாப்பிட வேண்டும் என்று வாரம் முழுக்கச் சிக்கனமாக இருந்துவிட்டு வருகிறவர்கள். அந்த அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். பில்லைப் பார்த்த வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். குரலை உயர்த்தவில்லை.

"இது உங்களுக்கு வருதாம்மா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் மறுபடி முதலாளியைக் கூப்பிட்டிருப்பேனோ என்னவோ. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் நம்பப்போவது என் வார்த்தையை.

"வரலை சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் முதலாளியைக் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் தரச் சொன்னார். தந்தார்கள். கட்டினார். பிறகு அதே தொகையை எண்ணி, எல்லோரும் பார்க்க என் கையில் கொடுத்தார். நான் அப்படியே பெட்டியில் போட்டேன்.

கூட்டம் கலைந்ததும் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். "நம்ம கடையை நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க கேப்டன்" என்றார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை என்றேன். யார் பொய் சொல்லச் சொன்னது, பேசாமல் இருந்திருக்கலாமே என்றார். கேட்கிறவர் முன்னால் பேசாமல் நின்றால் அது மட்டும் என்னவாம்? இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

செவ்வாயிலிருந்து எனக்குப் பார்சல் கவுண்டர். மேஜைப் பக்கம் வரக் கூடாது.

ஆனால் ஒன்று. வீட்டுக்கு நடந்து வரும்போது என் முதுகு நேராக இருந்தது. நானே கவனித்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

டப்பா, மூடி, ரப்பர் பேண்டு. டப்பா, மூடி, ரப்பர் பேண்டு.

பிப்ரவரி 19, வியாழன்

வீட்டுக்காரர் வேலையை விடச் சொல்கிறார். ஊரில் வேறு கடையே இல்லையா, உன்னை மாதிரி ஆளுக்கு யார் கதவைச் சாத்துவார்கள் என்று கேட்டார். அப்படி அவர் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதே எனக்குப் புதிது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்னவாம்?

நான் ஏன் விடணும்? தப்பு பண்ணவங்க அங்கயே இருப்பாங்க, நான் மூட்டையைக் கட்டணுமா? அந்த இருபது மேஜையையும் எது ஆடும், எது ஆடாதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கவ நான். போக மாட்டேன்.

பிப்ரவரி 21, சனி, காலை

நேற்று பார்சல் கவுண்டரில் நின்று கேட்டது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். கவுண்டருக்குப் பக்கத்து மேஜையில் ஒருவர் பில்லை நீட்டி நெட்டையிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை. ஆமாம் என்று சொல்லிவிடுடா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவன் குனிந்து, தன் உயரமெல்லாம் மடிந்து, மெதுவாக, "வரலைங்க" என்றான்.

சற்று நேரத்தில் ஜன்னல் பக்கமிருந்து இன்னொரு குரல். "இல்லைங்க, வரலை." பிறகு வாசல் பக்கம். யாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, சத்தியமாக இல்லை. என்னிடம்கூட ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் சாப்பிட வந்தவர்கள் அந்த வரியை எடுக்கச் சொன்னார்கள். கல்லாவில் முதலாளி பில்லை மாற்றி அடித்துக்கொண்டே இருந்தார். எத்தனை பேரைப் பார்சல் கவுண்டரில் கொண்டுவந்து நிறுத்துவார்? இங்கே இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

நான் பழக்கிவிட்ட பிள்ளைகள். தட்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூடிக்கு ரப்பர் பேண்டு போட வரவில்லை எனக்கு, கண் மறைத்தது.

பிப்ரவரி 23, திங்கள்

மதியம் ஓய்ந்த நேரம். முதலாளி வந்து கவுண்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒரு டப்பா மூடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவரும் தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

வாடகையைப் பற்றிச் சொன்னார். எண்ணெய் விலை, எரிவாயு. தட்டுக்கு விலை ஏற்றினால் வாசலில் மெனுவைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். பில்லின் அடியில் போட்டால் சாப்பிட்ட பிறகு கட்டித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டாராம். ஒளிக்காமல் சொன்னார். அதற்காக அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"வெலைய ஏத்துங்க சார். மெனுவுலயே போடுங்க. வர்றவங்க பாத்துட்டு வரட்டும். போறவங்க போகட்டும்."

"போயிட்டா?"

"கொஞ்சம் பேர் போவாங்க. ஆனா எங்க பேரைச் சொல்லி வாங்காதீங்க. வாங்குனா எங்களுக்குக் குடுங்க."

"வாடகையும் இதுலதான் கட்டணும் கேப்டன்."

"கட்டுங்க. உங்க கடை. வாடகைன்னு சொல்லிக் கட்டுங்க."

பிறகு தொட்டியக்காவைப் பற்றிச் சொன்னேன். தட்டு மட்டும் குறையவில்லையே என்று அவர் கேட்டதையும். முதலாளி மூடியைக் கீழே வைத்தார். யோசிக்கிறேன் என்றார். எழுந்து போகும்போது, நாளையிலிருந்து மேஜைப் பக்கமே வந்துவிடுங்கள் என்றார், ஏதோ மறந்துபோனதைச் சொல்வது மாதிரி.

மார்ச் 2, திங்கள்

புது மெனு வந்துவிட்டது. விலை ஏறியிருக்கிறது. கடைசி வரி இல்லை. ஏற்றியதில் ஒரு பங்கு எல்லோருடைய சம்பளத்திலும் சேரும், தொட்டியடி வரைக்கும். முதலாளி இதை எல்லோர் முன்னாலும் சொன்னார். யாரும் கை தட்டவில்லை. நெட்டை மட்டும், "பாக்கலாம் சார்" என்றான். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

நாலு பேர் கொண்ட குடும்பம். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மெனுவைப் பிரித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார். எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நான் குடும்பத்தோடு வந்தாலும் அதையேதான் செய்வேன். கதவைத் திறந்து விட்டேன்.

கல்லாவிலிருந்து முதலாளி என்னைப் பார்த்தார். இந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு மேஜை எழுந்து போகும்போதும் அந்தப் பார்வை.

மார்ச் 7, சனி

நான் சொன்னது தப்போ?

மார்ச் 13, வெள்ளி

மூன்றில் ஒரு பங்கு மேஜை காலி. நெட்டை நாற்காலிகளைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் பில் வைக்கிற இடத்தில் இப்போது சண்டை இல்லை. நீட்டுகிறோம், பார்க்கிறார்கள், கட்டுகிறார்கள். பில்லோடு போகும்போது கால் பின்வாங்கவில்லை. இது பெரிய விஷயம். வெளியே இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியாது.

மார்ச் 23, திங்கள்

நேற்று வாத்தியார் தம்பதி வந்தார்கள். விலை ஏறியதிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் வருகிறார்கள். அந்த அம்மா அதை மறைக்காமல் சொன்னார், நானும் புரிந்ததாகச் சொன்னேன். ஆனால் நேற்று அவர்களுக்கு ஜன்னல் மேஜை கொடுக்க முடியவில்லை. எழுந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள், எல்லா மேஜையும் நிறைந்திருந்தது. வாத்தியார் வாசலில் நின்று, காத்திருக்கிறோம், அவசரமில்லை என்றார். முதலாளி தானே ஓடிப் போய் நாற்காலி போட்டார்.

மாமியாரிடம் சொன்னேன். "அப்ப கப்பல் முழுகலை" என்றார்.

ஏப்ரல் 8, புதன்

இன்று தொட்டியக்காவுக்கு வார விடுமுறை. மதியம் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், முன்வாசல் வழியாக. கணவரும் மகளும் கூட. இஸ்திரி போட்ட புடவை. எனக்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. அந்தக் கையை நான் உலர்ந்து பார்த்ததில்லை.

ஆறாம் மேஜையில் உட்கார வைத்தேன். நானே போனேன், வேறு யாரையும் விடவில்லை. தண்ணீர் ஊற்றினேன், மெனுவைப் பிரித்து வைத்தேன். விலையைப் பார்த்து, "அடேயப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லை, இதுல கொஞ்சம் எனக்கும் வருது."

மீன் கேட்டார். "தெனமும் முள்ளாத்தான் பாக்குறேன், முழுசா ஒரு தடவை பாக்கணும்." கணவர் கூச்சத்தில் கரண்டியைத் தொடாமல் இருந்தார். மகள் மட்டும் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரைவிட அழகாகச் சாப்பிட்டாள்.

முதலாளி வந்து, பில் வேண்டாம் அக்கா, நம்ம வீடு மாதிரி என்றார். தொட்டியக்கா மறுப்பாகத் தலையை ஆட்டினார். "போடுங்க சார். சாப்பிட வந்திருக்கேன்."

சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். பிறகு நேராக நின்று, எல்லா மேஜையிலும் கேட்பதுபோலவே கேட்டேன், சாப்பாடு எப்படி இருந்தது என்று.

கொஞ்சம் யோசித்தார். "மீன்ல உப்பு ஒரு கல் கம்மி" என்றார்.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், தலைமைச் சமையல்காரர் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "ஆறாம் மேஜையில உப்பு பத்தலையாம்."