திரிந்த பாலும் உன் பித்தளைப் பில்டரும்

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு பாத்திரத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே பால் திரிந்து, கட்டி ஒரு பக்கமும் மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கமுமாகக் கிடந்தது. கடைக்காரன் பழைய பாக்கெட்டைத் தள்ளிவிட்டுவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், "எந்தப் பாத்திரத்துல காய்ச்சின?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. குற்றவாளியைத் தேடித் தெருவுக்குப் போகக் கிளம்பியவளைச் சமையலறைக்குத் திருப்பினால் பிடிக்குமா? ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அது என் கேள்வி இல்லை, உன் கேள்வி. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உன் கேள்விகள் மட்டும் இன்னும் என் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

எழுபதுகளின் தொடக்கத்தில், பெருமாட்டிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நான் அகளியிலிருந்து வந்தவள். நீ இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். உன் தாத்தா காலத்தில் மலையேறிய திருநெல்வேலிப் பேச்சு உன் நாக்கை விட்டு இறங்கவே இல்லை. யாரையும் எதையும் நீ நம்ப மாட்டாய். ஒரு உதாரணம் சொன்னால் போதும். தலைமையாசிரியரின் மனைவி நம்மைச் சமையலறையில் உட்காரவைத்துக் காபி கலந்துகொண்டிருந்தார். நீ அவர் பொடி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் தூவினாய். காபி என்றால் சற்று நேரம் மிதக்கும், சிக்கரி என்றால் பழுப்பு வால் விட்டுக்கொண்டு உடனே இறங்கும். இறங்கியது. "முக்காவாசி சிக்கரில்லா டீச்சர்!" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாய். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நமக்குக் காபி இல்லை.

உன் காபி வேறு வகை. லயத்துக்குப் பின்னால் உன் அம்மா வளர்த்த நாலைந்து செடியின் கொட்டையைத் துணிப்பையில் கொண்டுவருவாய். மாநில எல்லைச் செக்போஸ்டில், அரிசி கடத்துகிறாயோ என்று அந்தப் பையைத் துழாவாத காவலர் இல்லை. இரும்புச் சட்டியில், கருப்பட்டி நிறம் வந்ததும் இறக்கிவிடுவாய். ஜன்னல் பலகையில் முடுக்கிய கை மிஷினில் அரைத்துவிட்டு, ஒரு பிடி வறுத்த அரிசியை அதில் ஓட்டி, பழைய பல் பிரஷ்ஷால் மிஷினின் பற்களைத் தேய்ப்பாய். பழைய எண்ணெய் தங்கினால் புதுப்பொடியும் பழசாகிவிடும் என்பாய். பித்தளைப் பில்டருக்கு வெந்நீர் மட்டும்தான். கழுவிய பிறகு மேல் அடுக்கை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடைத்த ஓட்டைகளைக் குண்டூசியால் குத்துவாய். பில்டரின் வெளிப்புறம் கரி பிடித்தது போல் கறுத்துக் கிடக்கும். நான் கேலி செய்தால், "வெளிய கறுத்தா என்னட்டி, காபி வெளியவா எறங்குது?" என்பாய்.

நாம் வீடு தேடி அலைந்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி. "கூட ஆம்பள ஆருங்க?" ஆம்பளை இல்லை என்றதும் கதவு பாதி சாத்தியிருக்கும். கடைசியில் நாச்சக்காதான் தன் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அறையைக் கொடுத்தார். விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிட வேண்டும், பால் அவரிடம்தான் வாங்க வேண்டும். அவர் கணவருக்கு அதிலும் இஷ்டமில்லை. "கல்யாணமாகாத புள்ளைங்கள ஊட்டுல வெச்சுக்கிட்டு ஊரு வாயில விழோணுமா?" என்று நம் காதில் விழவே சொன்னார். அந்த வீடும் போனால் வேறு வீடு கிடைக்காது; வீடு கிடைக்காவிட்டால் என் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிவிடுவார். வேலையும் அதோடு போய்விடும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓணம் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினோம். சமையலறை பளபளத்தது. தரை கழுவி, ஏனம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து, உன் பில்டர் கோயில் குடம் போல் மின்னிற்று.

"நோம்பி நாளாச்சுங்களே, சும்மாதான இருக்கறேன்னு வெளக்கி வெச்சேனுங்க" என்றார் நாச்சக்கா.

அவர் திரும்பியதும் நீ என் காதில், "ஏட்டி, நம்ம பெட்டிப் பூட்டத் தொட்டிருக்காவளான்னு பாரு" என்றாய். பூட்டு பூட்டியபடியே இருந்தது. "நல்லாத் தெறக்கத் தெரிஞ்சவ" என்றாய்.

மறுநாள் காலை பால் பொங்கி வரும்போது, உங்கள் வீட்டு வழக்கப்படி, டிக்காஷனை அதிலேயே ஊற்றினாய். சட்டி முழுவதும் திரிந்தது. நீ நேரே வேலியோரம் போனாய்.

"அக்கா, நேத்துச் சாயங்காலப் பாலக் குடுத்தியளோ?"

"ஏனுங் டீச்சர், என்ர மாட்டுப் பாலையா சொல்றீங்க? இப்பத்தான் கறந்தது, நொரை கூட அடங்குலீங்க!"

அடுத்த நாள் கறந்த பாலோடு அவரே உள்ளே வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். "என்ர கண்ணு முன்னால காச்சுங்க, பாக்கலாம்." பால் நன்றாகத்தான் பொங்கியது. நீ டிக்காஷனை ஊற்றினாய். அவர் கண் முன்னாலேயே திரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. தூரமா இருக்கறப்ப அடுப்பத் தொட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. "அதனால திரியும்னா மாசாமாசம்லா திரிஞ்சிருக்கணும்?" என்றாய்.

அவர் முகம் இருண்டது. நீ என்ன ஒப்புக்கொண்டாய் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மாலையில் வாசலில் நின்றபடியே சொன்னார்: "கன்னு போட்ட மாடுங்க. அதும் பாலு ஒரு அடுப்புல திரிஞ்சுட்டே இருந்தா மடிக்கு ஆகாதுன்னு அவுரு சொல்றாருங்க. இந்த மாசத்தோட வேற ஊடு பாத்துக்கோங்க. நான் என்ன பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை நீ சமையலறையை ஆராய்ச்சிக்கூடமாக்கினாய். குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பது போல ஒன்று ஒன்றாய். வெறும் பாலைத் தனியாகக் காய்ச்சினாய், திரியவில்லை. துணியில் வடிகட்டிய டிக்காஷனைக் கொஞ்சம் பாலில் விட்டாய், திரியவில்லை. பில்டரில் இறங்கியதை விட்டாய், திரிந்தது. உடனே பில்டரைக் கவிழ்த்தாய். மேல் அடுக்கின் அடியில், தகடு மடித்து இணைத்த விளிம்புக்குள் குண்டூசியை விட்டுக் கிளறினாய். கறுப்பாக ஏதோ நார் வந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாய்.

"புளி" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை. "வேணும்னே செஞ்சிருக்காட்டி. நம்மள வெளிய அனுப்பச் செஞ்ச வேல இது."

"கரண்டியக்கூடத்தான் புளி போட்டுத் தேச்சு வெச்சிருக்காங்க. கெடுக்கோணும்னு நெனக்கறவங்க கரண்டிய எதுக்குத் தேய்க்கறாங்க?" என்றேன்.

"அது நமக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு."

உன்னோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. பில்டரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாய். எடுத்தாய், குத்தினாய், மறுபடி போட்டாய். தண்ணீரை நக்கிப் பார்த்து, புளிப்பு இல்லை என்று உறுதியானதும் விறுவிறுவென்று வேலியைப் பார்த்து நடந்தாய். தலைமையாசிரியர் வீட்டுக் காபிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. போதாததற்கு நாச்சக்காவின் கணவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் நீ உண்மையைச் சொன்னால், நாச்சக்கா தலை குனிவார். தலை குனிய வைத்தவர்களை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? முடிந்தது கதை என்று உன் பின்னால் ஓடிவந்தேன்.

நீ நாச்சக்கா முன் நின்றாய். தொண்டையைச் செருமினாய். "அக்கா, எங்க கை சரியில்ல போலுக்கு. ஒரு தடவ நீங்க வந்து போட்டுத் தாங்களேன்."

நானும் என் காதை நம்பவில்லை.

நாச்சக்கா கணவரைப் பார்த்தார். அவர் எழுந்து வந்து நம் வாசலுக்கு வெளியே நின்றார். நாச்சக்கா அடுப்படியில் உட்கார்ந்து, நீ வறுத்து நீ அரைத்த பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் காத்திருந்து, பொங்கிய பாலில் டிக்காஷனை விட்டார். பால் நல்ல காபி நிறத்துக்கு மாறி, அப்படியே நின்றது.

"பாத்தீங்களா, என்ர கை ராசி!" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். கணவர் ஒரு டம்ளர் குடித்தார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். வேறு வீடு பார்க்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஆனால் அதற்கு விலை இருந்தது. தினமும் காலையில் நாச்சக்கா தன் கை ராசியோடு வந்துவிடுவார். தண்ணீரை அள்ளி ஊற்றி, கைநிறைய வெல்லத்தைப் போட்டு அவர் கலக்குவதைக் கசாயம் குடிக்கும் குழந்தை போல நீ குடிப்பாய். "நல்லாருக்குங்களா டீச்சர்?" "நல்லாருக்குக்கா." அவர் போனதும், "வெல்லத் தண்ணி" என்று டம்ளரைக் கவிழ்ப்பாய்.

அடுத்த ஓண விடுமுறைக்கு உன் மலையைப் பார்க்க நானும் உன்னோடு கிளம்பினேன். நீ பில்டரைச் சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்தாய். வைத்தாலும் அந்த வடிவம் மறையுமா? வழியனுப்ப வந்த நாச்சக்கா பையைத் தொட்டுப் பார்த்தார்.

"பில்டரையுங் கொண்டுபோறீங்களாட்ட இருக்குது?"

"எங்கம்ம பாக்கணும்னாவக்கா."

"கொண்டுபோங்க, கொண்டுபோங்க. இங்க வெச்சுட்டுப் போனா ஆராச்சும் புளியப் போட்டுத் தேச்சுப்போடுவாங்க" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

பொள்ளாச்சி வரை நீ பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாய். உடுமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் பக்கம் திரும்பினாய். "புளி விசயத்த நீ சொன்னியாட்டி?"

நான் சொல்லவில்லை. அன்றும் அதைத்தான் சொன்னேன். உனக்குப் பேரன் பிறந்த பிறகும், கடைசியாக உன்னைப் பார்த்தபோது, "நீதானட்டி சொன்ன?" என்று கேட்டாய். நடந்ததை மறுபடியும் சொன்னேன். அவர் நமக்காகக் காபி போட உட்கார்ந்த அன்று, நீ கிளறி எடுத்த புளி நார் குண்டூசியோடு அடுப்பு மேட்டில் கிடந்தது. உன் கண் பாலில் இருந்தது, அவர் கணவரின் கண் உன்மேல் இருந்தது. நாச்சக்கா அந்த நாரை எடுத்து விரல்களுக்கிடையில் ஒரு முறை உருட்டினார். பிறகு புறங்கையால் அடுப்புக்குள் தள்ளிவிட்டு, டிக்காஷனைக் கையில் எடுத்தார். அடுப்படியைச் சுத்தம் செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தக் கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"கத விடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். இப்போதாவது நம்புட்டி.