யார் சொல்லிக்கொடுத்தது?

15.07.2025, செவ்வாய்
என் ஏழாம் வகுப்பில் தமிழ்வாணி கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், "இங்கதான் காத்து வருது டீச்சர்" என்கிறாள். ஃபேன் அந்தப் பக்கமே இல்லை.

17.07.2025, வியாழன்
மதியம் ஒளிந்து நின்று பார்த்தேன். அவள் டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை. போன மாதம் வரை பிடுங்கித் தின்ற பிள்ளைகள்! அவள் ஜாதி தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் இந்தப் புத்தி தானாக வருமா? யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

18.07.2025, வெள்ளி
கணக்கு சிவக்குமார் சார்தான். யார் வந்தாலும் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று துருவுகிறவர். கே.கே. நகரில் வீடு தேடியபோது, என் பெயர் சமீனா என்று சொன்னதுமே வீடு இல்லாமல் போனது எனக்கு. இந்த மனிதர்களை எனக்குத் தெரியாதா?

22.07.2025, செவ்வாய்
அவர் பாடம் நடத்தும்போது வராந்தாவில் இரண்டு முறை நடந்தேன். ஒன்றும் சிக்கவில்லை. "நீங்க போலீஸுக்குப் போயிருக்கலாம் டீச்சர்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பும் சரியில்லை.

24.07.2025, வியாழன்
தமிழ்வாணியின் அம்மா ராமக்காள் டி.சி. கேட்டு வந்துவிட்டார். "பள்ளிக்கூடம்னாலே அழுகுது டீச்சர்." திங்கள் வரை பொறுக்கச் சொன்னேன். சிவக்குமார் மேல் புகார் எழுதி முடித்தாயிற்று.

25.07.2025, வெள்ளி
புகாருக்குச் சாட்சி வேண்டுமே. தமிழ்வாணியோடு முன்பு ஒட்டித் திரிந்த ஃபர்ஹாவைத் தனியே கூப்பிட்டேன்.
"அவ என்ன ஜாதின்னு சிவக்குமார் சார்தானே சொன்னாரு?"
முழித்தாள். "இல்ல டீச்சர். நீங்கதான். ஸ்காலர்ஷிப் ஃபாரம் குடுக்கையில, எஸ்.சி. பிள்ளைங்க எந்திரிங்கன்னீங்க. அவ மட்டுந்தான் எந்திரிச்சா."
சொன்னேன். ஆமாம், சொன்னேன். பதினோரு வருஷமாகச் சொல்கிறேன் — யா அல்லாஹ், எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறேன்!

28.07.2025, திங்கள்
புகாரைக் கிழித்தேன். நடந்ததைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். "நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, விடுங்க டீச்சர்" என்றார்.
ராமக்காளிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.
"அன்னைக்கே பிள்ள வந்து சொல்லிருச்சு டீச்சர். உங்ககிட்டயே எப்பிடிச் சொல்றதுன்னுதான்…"
தமிழ்வாணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "பிள்ள இங்க வர மாட்டேங்குது" என்றார்.
டி.சி.யில் காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறது. 'பெற்றோர் விருப்பம்' என்று போடச் சொன்னார் தலைமையாசிரியர். என் கையால் அதை எழுதிக் கொடுத்தேன்.