சத்தம் இருக்கட்டும்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் வலி இல்லை, பசி எடுக்கிறது, அம்மா திட்டுகிறாள், ஆக நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் இதேபோல் நலமாக இருக்க வேண்டும், திட்டு மட்டும் கொஞ்சம் குறைவாக.

போன வாரம் அடித்த காற்றில் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் மேல் மரம் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பெட்ரோல் ஜெனரேட்டர்தான் காப்பாற்றியது. ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜில் என் மருந்து கெடவில்லை. ஆனால் அதைக் கட்டி மேய்ப்பது அம்மாதான். கூட வந்த புத்தகத்தை நான் அட்டைப்பெட்டியோடு தூக்கிப் போட்டேன், அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மழை வருகிறதே, வராந்தாவில் வைத்தால் என்ன என்று கேட்டேன். வீட்டுக்குள்ள புகை வந்தா ஆளே போயிடுவோம், வாயை மூடிட்டுப் படுங்க என்றாள். தோட்டத்துக் கடைசியில், நாலு பக்கமும் திறந்த தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறாள். அணைத்து, சூடு ஆறிய பிறகுதான் பெட்ரோல் ஊற்றுகிறாள். என்னைக் கிட்டேயே விடுவதில்லை!

தெருவில் ஓடுகிற ஜெனரேட்டர் ஒவ்வொன்றுக்கும் அவள் பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுடையது இருமல்காரன், அடுத்த வீட்டு பஸ் டிரைவர் தம்பியுடையது ஒப்பாரி. ஒரு மத்தியானம் நான் கண்ணசந்திருந்தேன், விழித்துப் பார்த்தால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு அறை நடுவில் நிற்கிறாள். ஒப்பாரி நிக்கவும் இல்ல, ஆனா அமுங்கிக் கேக்குதே என்றாள். நல்லதாப் போச்சு, தூங்கவிடு என்றேன். செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

டிரைவர் தம்பி டியூட்டிக்குப் போகும் முன் மெஷினைச் சமையலறைப் பக்கத்து நடைக்குள் இழுத்து வைத்து, தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தட்டத் தட்ட யாரும் திறக்கவில்லை. நல்லவேளை, வாசல் கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. உள்ளே அவர் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள், பக்கத்தில் அவர்களுடைய குட்டிப் பெண், நம் வாலு, துவண்டு கிடக்கிறது. குழந்தையைத் தோளில் போட்டு, தாயைக் கையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டாள் உன் அம்மா, இந்த முழங்கால் வலிக்காரி! மருந்துக்கடைக்காரர் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். மெஷின் புகையில் வருகிற விஷக் காற்றுக்கு நிறமும் கிடையாதாம், வாசனையும் கிடையாதாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை அம்மா என்னிடம் பாதியோடு நிறுத்திவிட்டாள். வாலு இப்போது நம் கேட்டில் பந்தடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் டிரைவர் தம்பி வந்து தேம்பித் தேம்பி அழுதார். ஐயாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு, சத்தத்துல தூக்கம் கெடுமேன்னுதான் உள்ள வச்சேன் என்றார். எனக்காகவா அந்தக் குழந்தை போக இருந்தது! அம்மாதான் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். இவர் விடிய விடிய முழிச்சுக் கிடக்கட்டும், மெஷினை வெளியே தள்ளி வை, ஒப்பாரி ஒழுங்காக் கேக்கலேன்னா கதவை உடைச்சுக்கிட்டு வருவேன் என்று கத்திவிட்டு, உள்ளே வந்து அவளும் அழுதாள். இத்தனை வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியும் இவள் இவ்வளவு பெரிய மனுஷி என்று எனக்குத் தெரியவில்லையே கண்ணு.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் ஊர்ப் பனியில் கரண்ட் போனால், குளிருக்குப் பயந்து மாப்பிள்ளை ஜெனரேட்டரை கார் ஷெட்டில் வைத்து, கதவைப் பாதி திறந்து ஓட்டுவதாகப் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாதி திறந்தாலும் ஆகாதாம், முழுசாகத் திறந்தாலும் ஆகாதாம். வெளியே, ஜன்னல்களை விட்டுத் தள்ளி வைக்கச் சொல். அந்த விஷக் காற்று வந்தால் அலறுகிற கருவி கடையில் கிடைக்கிறதாம், படுக்கையறைப் பக்கம் ஒன்று மாட்டு. நான் சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அத்தை சொன்னதாகச் சொல், அப்போதுதான் கேட்பார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். சத்தத்தில் பேத்தி விழித்துக்கொள்வாளே என்று மட்டும் பார்க்காதே. விழிக்கட்டும், வீடே இரண்டாகிற மாதிரி அழட்டும். அந்த அழுகையைப் போனில் கேட்டால்தான் இங்கே உன் அம்மா தூங்குவாள்.

உன் அப்பா