நீ சத்தமில்லாமல் படித்த பாடம்

என் செல்ல ஜெயந்திக்கு,

நேற்று மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கருவடிக்குப்பம் வீட்டுக் கூடத்தில் நீ புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாய். உதடு அசைகிறது, சத்தமே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் உப்பி உப்பி அடங்கியது. விழித்த பிறகும் நீ பக்கத்து அறையில் இருப்பது போலவே இருந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது மெதுவாகத்தான் ஞாபகம் வந்தது.

சேதி கேட்கத்தான் வந்தாயா? நம்ம நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போன வியாழக்கிழமை காலையில். மூக்கு அப்படியே அத்தைப்பாட்டி உன்னுடையது.

டாக்டரம்மா வெளியே வந்து, நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். உன் அண்ணன் பேத்தியைப் பார்க்க ஓடினார். நான் நஞ்சுக்கொடி என்ற அந்த ஒரு சொல்லோடு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் முதல் பிள்ளைக்கு அதுதானே முன்னாடியே பிரிந்துபோனது. பத்தாம் மாசம். ஆண் குழந்தை. அழவே இல்லை. விலங்கியல் படித்தவள் நான். பிளசன்டா என்கிற அந்த நஞ்சுக்கொடி தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவள். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நீ அப்போது லாஸ்பேட்டை கல்லூரியில் தாவரவியல் கடைசி வருஷம். எந்தப் பாடமானாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பாய். ஒரு நாள் திடீரென்று சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் உதட்டை மட்டும் அசைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாய். என்னைக் கண்டதும் பக்கத்தைக் கையால் மறைத்தாய். விலக்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்க பிளசன்டா.

"செடிக்குமா?" என்று கேட்டேன்.

நீ அடுப்படிக்குப் போய் ஒரு பச்சை மிளகாயைக் கீறி எடுத்து வந்தாய். உள்ளே விதைகள் ஒட்டியிருந்த வெள்ளைத் தண்டைக் காட்டினாய்.

"பேரு மட்டும்தான் ஒண்ணு அண்ணி. உங்க பாடத்துல அது புள்ள பொறந்ததும் வெளிய வந்துடும். எங்க பாடத்துல இது காய்க்குள்ளயே இருந்துடும்."

நீ கட்சி பிரித்துப் பேசியதில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையானது. அத்தனை மாசம் கழித்து அன்றைக்குத்தான் அழுதேன். மிளகாய்க் கையோடு நீ என் கண்ணைத் துடைக்கப் போய், இரண்டு பேரும் குழாயடிக்கு ஓடினோம். மிச்சப் பாடத்தை நீ சத்தமாகவே படித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

ஒன்று மட்டும் நீ எத்தனையோ முறை சொல்லியும் நான் செய்யவில்லை. தனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான் என்பது நித்யாவுக்கு இன்னும் தெரியாது. அவள் பயந்துவிடுவாள் என்பேன். பயம் அவளுக்கா, உங்களுக்கா என்று நீ கேட்பாய். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்போது பேத்தி என் மடியில் தூங்குகிறாள். நித்யா எழுந்ததும் சொல்லிவிடுகிறேன். உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த அவன் பெயரையும் சொல்லிவிடுகிறேன்.

என்றைக்கும் உன் அண்ணி,
கலா