மூன்று பேப்பரிலும் ஒரே வரி

உங்கள் சாவுச் செய்தி வந்த பேப்பர்கள் மூன்றும் என் மடியில் கிடக்கின்றன. மை வாசனை இன்னும் போகவில்லை. 'முன்னாள் நிருபர் காலமானார்' என்று மூன்றிலும் ஒரே வரிதான், ஓர் எழுத்து மாறவில்லை. பந்தல்குடியில் பிறந்த உங்களைத் திருச்சுழிக்காரர் ஆக்கிவிட்டார்கள், அதுவும் மூன்றிலும். எனக்கு அழுகை வரவில்லை. ஒருவரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லையே என்று மட்டும் தோன்றியது.

அருப்புக்கோட்டையில் அப்போது நிருபர்கள் நீங்கள் மூன்று பேர், மூன்று பேப்பருக்கு. போட்டிக்காரர்கள் என்று பேர்தான். ஒருவர் பந்தல்குடிப் பக்கம் போனால் இன்னொருவர் ரெட்டியபட்டிப் பக்கம் போவார். சாயங்காலம் நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, போய்வந்தவர் எழுதியதை மற்ற இருவரும் பார்த்து எழுதிக்கொள்வீர்கள். கவர்கள் மூன்றும் ஒரே மதுரை பஸ்ஸில் கண்டக்டர் கையில் போகும். டீ போட்டுக் கொடுத்தவள் நான். "இதுக்கு எதுக்கு மூணு பேரு, ஒருத்தர் போதாதா?" என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

ரெட்டியபட்டிப் பக்கம் கிணறு வெட்டும்போது மண் சரிந்து, அடிபட்ட ஒருவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று போக வேண்டியவர் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் லாரி டிரைவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு 'தொழிலாளி பலி' என்று பேரும் ஊரும் போட்டு எழுதினார். நீங்கள் அதைப் பார்த்து எழுதினீர்கள். மறுநாள் பேப்பரைப் படித்துவிட்டு, மதுரை ஆஸ்பத்திரிக்கு உடலை வாங்கச் சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அவர்கள் திரும்புவதற்குள் ஊரில் அந்த மனுஷனின் பெண்சாதி கழுத்திலிருந்து தாலியைக் கழற்றிவிட்டார்கள். சாயங்காலம் கையில் கட்டோடு அவர் மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அவள் நம் வீட்டைத் தேடி வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஒரு பேப்பருல மட்டும் வந்திருந்தா நம்பியிருக்க மாட்டேன்யா. மூணுலயும் ஒண்ணு போலப் போட்டிருந்துச்சு. உங்க மூணு பேருல யாரு வந்து பாத்தீக?"

"யாரும் வரல, தாயி" என்றீர்கள்.

அதையே பேப்பரிலும் போட வேண்டும் என்று மதுரை ஆபீஸுக்கு எழுதி அனுப்பினீர்கள். நிருபர் நேரில் போகவில்லை, இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதிவிட்டார், மன்னிக்கவும் என்று. கூட்டாளிகள் இருவரும் ஓடி வந்தார்கள். "ஏலே, நீ ஒருத்தன் யோக்கியனாகணும்னு எங்க பொழப்புல மண்ணப் போடாத." நானும் அவர்கள் கட்சிதான். "ஊரோட ஒத்துப் போங்க. உங்க பேரா போட்டிருக்கு?" என்றேன்.

"'நம் நிருபர்'னு போட்டிருக்குல்ல. அது நாந்தான" என்றீர்கள்.

நீங்கள் எழுதியதை ஆபீஸில் போடவில்லை. அந்தத் தொழிலாளி நலமாக இருக்கிறார் என்று மூலையில் இரண்டு வரி போட்டுவிட்டு, உங்களை நிறுத்திவிட்டார்கள். மற்ற இருவரும் நிருபர்களாகவே இருந்தார்கள். நீங்கள் எங்கள் அப்பாவின் பருத்திக்கொட்டைக் கடையில் கடைசி வரை எடை போட்டுக்கொண்டிருந்தீர்கள். பல வருஷம் எனக்குக் கோபம் தீரவில்லை. இப்போது தேடிப் பார்த்தால் அந்தக் கோபத்தையும் காணோம்.

நேற்று அந்தத் தொழிலாளியின் பெண்சாதி வந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. வாசலிலேயே நின்றாள்.

"டீக்கடையில படிச்சாக. மூணு பேப்பருலயும் போட்டிருக்குன்னாக. அதான் நம்பாம வந்தேன்."

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் சாயங்காலம் மதுரை பஸ்ஸின் ஹாரன் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அவள் புருஷன் அதில்தான் வந்து இறங்கினார்.