பதினாறாம் நாள் வரைக்கும் வெறும் எண்

நவ. 4, செவ்வாய்
கரியாலூர். காலைலேர்ந்து தூறல், எதிர்ல மலையே தெரியல. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சி. ஹெச்.எம். என் தலைல கட்டினது: கோளு, நிலாவுக்கெல்லாம் எந்தப் புராணத்துலேர்ந்து பேரு வந்துச்சு. வாங்க: சார்ட் 4, ஸ்கெட்ச் பேனா, பசை.

பாப்பா பொறந்து ஏழாம் நாள். வயித்துல எட்டு மாசம்கூட ஆவல, எடை 1 கிலோ 100 கிராம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில இருக்கா. கால்ல கட்டின சீட்டுல ‘கோமதி குழந்தை’. அவ்ளோதான் பேரு.

கோமதி போன்ல, “பேரு வெச்சிடலாங்க, கூப்புட ஒண்ணு வேணும்ல.” பதினாறாம் நாள் ஆவட்டும், அம்மா அதுக்கு முன்ன கூடாதுங்கறாங்கன்னேன். கிளாஸ்ல மூடநம்பிக்கை பத்தி வாய் கிழியப் பேசறவன் நான்.

நவ. 6, வியாழன்
ரெண்டு சார்ட் முடிஞ்சுது. வியாழன் = ஜூபிடர், ரோமானியரோட சாமி ராஜா. செவ்வாய்க்கு ரெண்டு நிலா, ஃபோபோஸ், டெய்மோஸ். பயம், திகில்னு அர்த்தம். சண்டைச் சாமியோட புள்ளைங்க.

புதுசா கண்டுபிடிச்ச நிலாவுக்கு உடனே பேரு கெடையாதாம். சுத்துற பாதை உறுதியாவுற வரைக்கும் வெறும் எண்தான். ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி, “அதுக்குள்ள காணாமப் போச்சுன்னா இன்னா சார் பண்ணுவாங்க?” எண்ணு மட்டும் இருக்கும்னேன். அதுக்கப்புறம் பாடம் ஓடல.

பாப்பா 20 கிராம் ஏறியிருக்கா.

நவ. 8, சனி
ஆஸ்பத்திரி. நர்ஸ் பொட்டிகிட்ட குனிஞ்சு, “அப்பா வந்துக்கிறாரு பாரு.” எப்பிடிக் கூப்புடறதுன்னு தெரியல. பாப்பான்னேன். பக்கத்துப் பொட்டில இருக்கறதும் பாப்பாதான்.

திரும்பி வர்ற பஸ்ல சனி கோள் பத்திப் படிச்சேன். நம்ம கதைல சூரியனோட புள்ள. ரோமானியர் கதைல பெத்த புள்ளைங்களையே முழுங்கினவன். சார்ட்ல இத எழுத மாட்டேன்.

பயமா இருக்கு. பேரு வெச்சிட்டு, அப்புறம் வெறும் பேர மட்டும் தூக்கிக்கினு அலைய என்னால ஆவாது. அதான் நெசம். அம்மா மேல பழி போட்டுட்டேன்.

நவ. 10, திங்கள்
காலைல 6.20. பாப்பா போய்ட்டா.

மழை. எங்க ஊரு மூங்கில்துறைப்பட்டுல, கரும்புக் கொல்லை ஓரமா பொதைச்சோம்.

அதுக்கு முன்ன ஆஸ்பத்திரில இறப்பு ஃபாரம் எழுதறவர் பேரு கேட்டார். வெக்கலைன்னேன். “பரவால்ல சார், கோமதி குழந்தைன்னே போட்டுக்கலாம்.” கையெழுத்துப் போட்டேன்.

நவ. 13, வியாழன்
பதினாறாம் நாள். லீவு. கண்காட்சி நல்லா நடந்துச்சாம், ஹெச்.எம். போன் பண்ணார்.

கோமதிக்குப் பால் கட்டிக்கினு காய்ச்சல். மூணு நாளா ஒண்ணும் சாப்புடல. கஞ்சி எடுத்துனு போனேன். பேரு வெச்சிருக்கணும், என் தப்புதான்னேன்.

“நான் மொத நாளே வெச்சிட்டேன்”னா. “பால் பீச்சி எடுத்துனு போய்க் குடுக்கறப்பல்லாம் அந்தப் பேர சொல்லித்தான் கூப்புடுவேன். கண்ணத் தொறந்து பாக்கும்.”

இன்னா பேருன்னு கேட்டேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கினா.

சாயங்காலம் மறுபடி கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்கு இப்ப”ன்னா.